காவலர் நியமனம்: ஏஜென்சி வழியாகவா, நேரடியாகவா?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் அடிக்கடி எழும் கேள்வி. எந்த வழியானாலும் முதலில் அடிபடுவது கேட்டில் நிற்பவரின் சம்பளம்தான்.

செலவு
ஏஜென்சி: சம்பளத்துக்கு மேல் சேவைக் கட்டணம், 18 சதவீத ஜி.எஸ்.டி.
நேரடி: இரண்டும் இல்லை. மிச்சத்தைக் காவலருக்கே தரலாம்; பல சங்கங்கள் தருவதில்லை என்பது வேறு கதை.

கைக்கு வருவது
ஏஜென்சி: நாம் கட்டும் தொகையில் எவ்வளவு அவரைச் சேர்கிறது என்பது நமக்குத் தெரிவதே இல்லை. பெரும்பாலும் 12 மணி நேரப் பணி. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்ற பேச்சே எழாது. சீருடைக்குக்கூடப் பிடித்தம் உண்டு. ஆனால் நள்ளிரவில் லிஃப்டில் சிக்கியவரை மீட்கவும், மீட்டர் பெட்டி புகைந்தால் மெயினை அணைக்கவும் இவர்தான் ஓட வேண்டும்.
நேரடி: பேசிய தொகை முழுதும் அவர் கையில்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ.
ஏஜென்சி: பிடித்தம் உண்டு, செலுத்திய ரசீதை மாதாமாதம் கேட்டு வாங்குங்கள்.
நேரடி: சிறிய சங்கத்தில் பெரும்பாலும் கிடையாது. விபத்துக் காப்பீடாவது எடுத்துக்கொடுங்கள்.

விடுப்பு
ஏஜென்சி: மாற்று ஆள் வருவார்.
நேரடி: செயலாளரே கேட்டில் உட்கார நேரிடும்.

மூன்று ஷிஃப்டுக்கும் ஆள் தேவைப்படும் பெரிய வளாகத்துக்கு உரிமம் பெற்ற ஏஜென்சி சரி. ஒப்பந்தத்தில் காவலரின் கைச்சம்பளத்தை எழுதச் சொல்லுங்கள். இருபது வீடுகள் உள்ள இடத்துக்கு நேரடி நியமனமே நல்லது, குறைந்தபட்ச ஊதியமும் வார விடுமுறையும் கொடுக்க மனமிருந்தால்.