முதல் வில் எது? லாங்போ, ரீகர்வ், குதிரை வில்: ஓர் அலசல்

நான் முதலில் வாங்கியது 45 பவுண்டு லாங்போ. பார்க்க அவ்வளவு அழகு. பத்து அம்பு விட்டதும் தோள் நடுங்க ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு விட்டதெல்லாம் எங்கே போய் விழும் என்று அம்புக்கே தெரியாது. ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டியதில் கற்றுக்கொண்டது இரண்டு கெட்ட பழக்கங்கள்: நாணை முழுசாக இழுக்காமலே விடுவது, குறியில் கண் நிலைக்கும் முன்பே விடுவது. இரண்டையும் விட்டொழிக்க இன்னொரு வருடம் ஆயிற்று.

அதனால் வில்லின் வடிவத்துக்கு முன்னால் பவுண்டு. வில்லில் எழுதியிருக்கும் எண், நாணை 28 அங்குலம் இழுத்துப் பிடிக்கத் தேவைப்படும் விசை. உங்கள் கை அதைவிடக் குறைவாக இழுத்தால், அங்குலத்துக்கு இரண்டு, இரண்டரை பவுண்டு குறையும். கூடுதலாக இழுத்தால் அதே அளவு ஏறும். பெரியவர்கள் 20 முதல் 25 பவுண்டில் தொடங்கலாம். நல்ல உடல்வாகு உள்ளவருக்கும் 30 போதும்.

சரி, வடிவத்துக்கு வருவோம். லாங்போ நீளமானது, எடை குறைந்தது, சத்தம் போடாதது. நாண் அதன் முனைகளைத் தவிர வேறெங்கும் தொடாது. லிம்ப் எனப்படும் வளையும் பகுதி, பழைய ஆங்கில பாணியில் குறுகலாகவும் தடிப்பாகவும் இருப்பதால் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. ஆனால் முனைகள் முன்பக்கம் வளைந்த, அதே பவுண்டுள்ள ரீகர்வோடு வைத்துப் பார்த்தால் அம்பின் வேகம் குறைவு. அம்பு போனதும் பிடித்த கையில் ஓர் உதறல் தெரியும். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த லாங்போக்கள் பெரும்பாலும் 100 பவுண்டுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் எனக்கு 45 சின்ன எண்ணாகத் தெரிந்தது. சிறுவயதிலிருந்தே வில்லோடு வளர்ந்தவர்களோடு என்ன போட்டி!

லாங்போவுக்கு நெருங்கிய உறவு ஃபிளாட்போ. இதன் லிம்ப் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். விசை அகலத்தில் பரவிவிடுவதால் யூ போன்ற அபூர்வ மரம்தான் வேண்டும் என்றில்லை. டென்மார்க்கின் ஹோல்மகார்டில் கிடைத்த, சுமார் 9000 ஆண்டுப் பழமையான வில்லே எல்ம் மரத்தில் செய்த இந்த வகைதான். சொந்தமாக வில் செதுக்கும் ஆசை இருந்தால் இதுதான் உங்கள் வழி. ஒரே மரத்தில் செய்த வில்லை நாணோடு நாள்கணக்கில் மாட்டி வைக்காதீர்கள். மெல்ல வளைவு தங்கி, வலு போய்விடும்.

குதிரைமேல் இருந்து எய்வதற்கான குதிரை வில்லின் கவர்ச்சி வேறு. குட்டையானது, இரண்டு பக்கமும் பாம்பு போல வளைந்தது. முன்பு கொம்பு, தசைநார், மரம் மூன்றையும் பசையால் ஒட்டிச் செய்தார்கள். இப்போது கிடைப்பவை பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ். அம்பு உட்காரத் திட்டு கிடையாது, உங்கள் கைமேல்தான் உட்காரும். இறகு தோலைக் கீறாமலிருக்கக் கையுறை போட வேண்டும். வில் குட்டை என்பதால் முழுசாக இழுக்கும்போது நாண் கூர்கோணமாக மடிந்து, அதை இழுக்கும் மூன்று விரல்களையும் நெருக்கும். அதற்காகவே ஆசிய வில்லாளிகள் கட்டைவிரலில் வளையம் மாட்டி இழுத்தார்கள். வலக்கையால் இழுப்பவர் அம்பை வில்லின் வலப்பக்கம் வைத்தார்கள். அழகான முறைதான், ஆனால் பக்கத்தில் ஓர் ஆசான் வேண்டும். ஜப்பானிய யூமி வில்லும் அப்படித்தான். இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், பிடியோ நடுவுக்குக் கீழே. தனியாக வாங்கிப் பழகும் பொருள் அல்ல.

மிச்சமிருப்பது டேக்டவுன் ரீகர்வ். கழற்றி மாட்டும் மூன்று துண்டுகள்: நடுவில் பிடி, இரு பக்கமும் லிம்ப். லிம்பின் முனைகள் முன்பக்கம் வளைந்திருக்கும். என் ஓட்டு இதற்குத்தான். 20 பவுண்டு லிம்பில் தொடங்கி, உடல் பழகியதும் பிடியை வைத்துக்கொண்டு லிம்பை மட்டும் 24, 28 என்று மாற்றலாம். மற்ற வில்களில் பவுண்டு ஏற வேண்டுமானால் வில்லையே மாற்ற வேண்டும். பிடியை வில்லின் நடுக்கோடு வரை குடைந்திருப்பதால் அம்பின் விறைப்பு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சமாளிக்கும். லாங்போவிலும் குதிரை வில்லிலும் அம்பு பிடியைச் சுற்றி வளைந்து போக வேண்டும், விறைப்பு தப்பினால் ஒரு பக்கமாக ஒதுங்கும். குறை இல்லாமல் இல்லை. காலுக்கிடையில் வைத்து நாணேற்றினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். நாணேற்றும் கயிறு கட்டாயம். வலக்கை, இடக்கைக்குத் தனித்தனிப் பிடி என்பதையும் வாங்கும்போது பாருங்கள்.

எந்த வில்லானாலும் அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் லிம்புக்கே திரும்பும், வில் பிளந்துபோகலாம். நண்பர்கள் கையில் கொடுத்தால் முதலில் செய்வது இதைத்தான். திட்டில்லாத வில்லுக்குப் பிளாஸ்டிக் இறகு வைத்த அம்பும் வேண்டாம். பறவை இறகு அமுங்கிக்கொடுக்கும், பிளாஸ்டிக் மோதித் தெறிக்கும்.

என் 45 பவுண்டு லாங்போ இன்னும் சுவரில்தான் தொங்குகிறது. ரீகர்வில் இப்போது 34-க்கு வந்திருக்கிறேன்.