மஞ்சளாகும் அரிக்கா பாம்: எப்சம் உப்பா, புது மண்ணா, தண்ணீரை மாற்றுவதா?

ஹோலுக்குள் வைத்த அரிக்கா பாம் மஞ்சளாகிறது என்று திருகோணமலையில் யாரிடம் சொன்னாலும் மூன்றில் ஒரு பதில்தான் வரும்: எப்சம் உப்புப் போடு, சாடியை மாற்று, கிணற்றுத் தண்ணீரை நிறுத்து. மூன்றுமே சரியான வைத்தியம்தான், ஆனால் வெவ்வேறு நோய்க்கு. என் வாக்கு மூன்றாவதுக்கு, அதிலும் உப்புவெளி, நிலாவெளி என்று கரையோரமாக இருப்பவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்று, இந்தச் செடியின் தண்டும் ஓலைக் காம்பும் இயல்பிலேயே மஞ்சள். அடியோலை ஒன்று எப்போதாவது பழுத்துக் காய்வதும் வயசுதான், அதற்கு மருந்து தேட வேண்டாம்.

எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். பழைய ஓலைகளின் ஓரம் பளிச்சென்று மஞ்சளாகி, நடுவில் மட்டும் பச்சை நின்றால் மக்னீசியம் குறைவு, அப்போது போடுங்கள். மஞ்சளான ஓலை திரும்பப் பச்சையாகாது, இனி வரும் ஓலைகளில்தான் பலன் தெரியும். அது தெரியாமல் ஒரு கிழமை பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி போடுகிறவர்கள்தான் அதிகம். பழைய ஓலையில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் புள்ளி விழுந்து நுனி கருகினால் கதை வேறு, அது பொட்டாசியம் குறைவு, அங்கே மக்னீசியத்தை அள்ளிப் போட்டால் இன்னும் மோசமாகும். அந்த ஓலைகளை அழகுக்காக வெட்டவும் வேண்டாம், செடி அவற்றில் இருக்கும் பொட்டாசியத்தை உறிஞ்சித்தான் புதுக் குருத்துக்கு அனுப்புகிறது.

சாடி மாற்றுவது கடைசி வழி. பாமுக்கு வேரைக் கிளறுவது பிடிக்காது. மண்ணில் புளித்த வாடை வந்து, வேர் பழுப்பாகிக் கையில் நசிந்தால் மட்டும் மாற்றுங்கள்: தும்புச்சோறு, கூட்டெரு, ஆற்று மணல். சும்மா கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளிவந்து கலக்காதீர்கள். வெறும் ஈரம்தான் பிரச்சினை என்றால், ஓட்டையில்லாத வெளிச்சாடியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, மேல்மண் காயும்வரை சும்மா விட்டாலே போதும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். மண்ணின் மேலும் சாடி விளிம்பிலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா பாருங்கள், கேத்தலின் அடியில் படிவதைப் போலவே இருக்கும். ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போகும், அதிலிருந்த உப்பு மண்ணிலேயே தங்கும், வீட்டுக்குள் இருக்கிற சாடிக்கு அதைக் கழுவிவிட மழையும் கிடையாது. ஓலை நுனி முதலில் பழுப்பாகும், பிறகு மஞ்சள் பரவும். கிணற்று நீரில் சுண்ணாம்புத் தன்மையும் இருந்தால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்கு எட்டாது, புதுக் குருத்தே வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிணறும் வற்றி உப்பும் கூடுவதால் எல்லாம் ஒன்றாக வந்து சேரும்.

செடியை வெளியே நிழலில் வைத்து, பைப் தண்ணீரை மெதுவாக, சாடி கொள்ளும் அளவைப்போல மூன்று நான்கு மடங்கு, அடியால் வடிய வடிய ஊற்றுங்கள். வெயிலில் வைத்தால் ஓலை கருகும். அப்புறம் தொடர்ந்து ஊற்ற மழைத் தண்ணீருக்கு மிஞ்சியது இல்லை, ஆனால் ஐப்பசி தொடங்கித் தை வரைதான் தாராளமாகக் கிடைக்கும். பீப்பாயில் பிடித்தால் நுளம்பு புகாமல் மூடி வையுங்கள். மற்ற மாதங்களில் ஏசியிலிருந்து வடிகிற தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றலாம், அதில் உப்பு இல்லை, சத்தும் இல்லை, ஆகவே பசளையை நிறுத்தக் கூடாது. ஏசியை மருந்தடித்துக் கழுவிய பிறகு வரும் முதல் தண்ணீரை மட்டும் கொட்டிவிடுங்கள். இரண்டும் இல்லாதவர்களுக்குப் பைப் தண்ணீரே போதும், கிணற்றைவிட நல்லது.

இத்தனைக்கும் பிறகும் ஓலை முழுவதும் ஊசிமுனை அளவில் வெளிறிய புள்ளிகள் இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய நூல்வலை தெரிந்தால் சிலந்திப்பேன். மேலே சொன்ன மூன்றும் வேலைக்காகாது, குளியலறைக்குக் கொண்டுபோய் ஷவரைத் திறந்து ஓலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள், சில நாள் விட்டு மறுபடியும்.