இடையன்குடி ஆலயமும் பக்கத்து ஊர்க் கோயிலும்

டொரன்டோவிலிருந்து ஊருக்கு வரும் எங்களைப் போன்றோர் திருநெல்வேலிச் சீமையின் பழைய கிறிஸ்தவ ஆலயங்களைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவது வழக்கமாகிவிட்டதால், இம்முறை அவை ஊராருக்கு எப்படிப் பயன்படுகின்றன என்பதையே கவனித்தேன்.

இடையன்குடிக்குத் திசையன்விளை வழியாகச் சென்றேன். 1841இல் இங்கே வந்து தங்கிய மிஷனரி ராபர்ட் கால்டுவெல் 1847இல் தொடங்கிய தூய திரித்துவ ஆலயம், இடையில் 1876-78இன் தாது வருடப் பஞ்சத்தையும் கடந்து, 1880இல்தான் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டுவிட்டவர் கோயிலை முடிக்க மேலும் 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1891இல் கொடைக்கானலில் காலமான அவருடைய உடல் இவ்வாலயத்திற்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு நினைவில்லமாக்கியிருக்கிறது. நினைவில்லத்தைக் காக்க ஒரு காவலாளி போதும். ஆராதனை நடக்கும் கோயிலைக் காக்க ஆட்கள் கூடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படிக் கூட்டுவது இப்பகுதியில் அசனம் என்னும் கோயில் விருந்துதான். வீட்டுக்கு வீடு அரிசியும் காணிக்கையும் சேர்ந்து, கோயில் வளாகத்தில் பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறியும் வெந்து, மும்பையிலும் சென்னையிலும் பிழைப்பவர்களும் வந்து சேர, சமயம் பாராமல் ஊரே பந்தியில் அமர்கிறது. கூரை ஒழுகுவதும் உத்திரத்தில் கறையான் ஏறியிருப்பதும் பலருடைய கண்ணில் படுவது அன்றைக்குத்தான். பழுதுபார்க்கும் பேச்சும் பந்தியிலேயே தொடங்கிவிடும்.

என் தாயார் பிறந்த பக்கத்து ஊர்க் கோயிலில், இத்தகைய பேச்சு தவறான வேலையில் முடிந்திருந்தது. வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டு (எங்கள் உறவினர்களுடைய பங்கும் அதில் உண்டு) பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசி, இடுப்பளவுக்கு டைல்ஸும் ஒட்டியிருந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும் என்பதால், டைல்ஸுக்கு மேலே உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கையாவது கழிப்பறைக்கு ஒதுக்கியிருக்கலாம். இருக்கும் ஒன்றும் பூட்டிக் கிடக்க, வயதான பெண்கள் எதிர்வீட்டைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

ஆனாலும் அதே கோயிலில், தாயாருடைய ஞானஸ்நானப் பதிவைக் கேட்டபோது சேகரத்தின் (சில சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டத்தின்) குருவானவர் பழைய பேரேட்டை உடனே எடுத்துப் புரட்டி நகல் எழுதிக் கொடுத்தார். ஓரங்கள் அரித்துப்போன அந்தப் பேரேடுகளை ஸ்கேன் செய்து வைப்பது டைல்ஸைவிட அவசரமான வேலை என்பதை அவரிடமும் சபை மன்றத்தாரிடமும் சொன்னேன். மறுப்பில்லை, செய்ய ஆள்தான் இல்லை என்றார்கள்.

வரப்போகிறவர்களுக்கு ஒரு தகவல்: அசன நாள் ஊருக்கு ஊர் மாறும். விமானச் சீட்டு எடுக்குமுன் சேகரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வார நாட்களில் கோயில் பூட்டியிருந்தால் சாவி கோயில்பிள்ளையிடம் (கோயிலைப் பராமரிப்பவரிடம்) இருக்கும்.