லால்பாக் சாலையில் ஒரு ரவா இட்லி

பெங்களூரு அல்சூரில் வீட்டு மாடியில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். இரண்டு கிரைண்டர், எழுபது வீடு, நாலு மெஸ். மாதம் ஒரு ஞாயிறு நானும் தங்கையும் லால்பாக் சாலையில் இருக்கிற எம்.டி.ஆர் (மாவள்ளி டிபன் ரூம்) ஓட்டலுக்குப் போய்விடுவோம். போவது சாப்பிடத்தான், ஆனாலும் தொழில் பார்க்கிற கண் சும்மா இருக்காது.

ரவா இட்லியை விரலால் அழுத்தினால் ரவை மணிமணியாக உதிர வேண்டும், பிசுபிசுக்கக் கூடாது. இங்கே அப்படித்தான் இருக்கிறது. தயிரின் லேசான புளிப்பு, முந்திரி, கடுகு, கறிவேப்பிலை. கூடவே உருளைக்கிழங்கு சாகு (குருமா மாதிரி ஒரு தொடுகறி), சட்னி, குட்டிக் கிண்ணத்தில் நெய். நெய்யை மிச்சம் வைக்காதீர்கள், அது இல்லாவிட்டால் பாதி ருசிதான்.

இரண்டாம் உலகப்போரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது இங்கே ரவையை வைத்துச் செய்து பார்த்த இட்லி இது என்பார்கள். ஊறவைப்பது, அரைப்பது, ராத்திரி முழுக்கப் புளிக்கவிடுவது எதுவும் கிடையாது. மாவு அரைத்தே பிழைக்கிற எனக்கு இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று தெரிகிறது.

தொழிலில் ஜெயித்தவர்கள் விடிகாலை எழுவார்கள், கணக்கு எழுதுவார்கள் என்கிறார்கள். சரி, நானும் நாலு மணிக்கு எழுகிறேன். சரக்கு கைவிட்ட நாளில்தான் எனக்குச் சோதனை வந்தது. போன வருஷம் ஒரு மொத்த வியாபாரி பழைய உளுந்தைக் கலந்து அனுப்பிவிட்டார். மாவு பொங்கவே இல்லை. "அக்கா, சோடா போட்டு அனுப்பிடலாம், யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் தங்கை. மூன்று டிரம் மாவையும் கொட்டிவிட்டு, எழுபது வீட்டுக்கும் போன் போட்டு இன்றைக்கு மாவு இல்லை என்று சொன்னேன். பன்னிரண்டு வீடு அன்றோடு நின்றது. நல்ல உளுந்து கிடைக்கிறவரை துவரையும் கடலைப்பருப்பும் போட்டு அடை மாவு அரைத்தோம். இப்போது இருபத்தைந்து வீட்டில் அதைத்தான் கேட்கிறார்கள்.

அதனால்தான் இந்தக் கடையின் கதை என்னை விடமாட்டேன் என்கிறது. யக்ஞநாராயண மையாவும் சகோதரர்களும் 1924-ல் தொடங்கியது. எமர்ஜென்சி காலத்தில் ஓட்டல் பண்டங்களுக்கு அரசு விலைக்கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த விலைக்குள் பழைய தரத்தில் போடுவது பெரும்பாடு. பொடி, மிக்ஸ் என்று பாக்கெட் தொழிலுக்குத் திரும்பினார்கள். அதுவே பெரிதாக வளர்ந்து, 2007-ல் நார்வேயின் ஆர்க்லா நிறுவனம் அதை வாங்கியது. ஓட்டல் மையா குடும்பத்திடமே இருக்கிறது.

ஞாயிறு காலை என்றால் காத்திருக்கத் தயாராகப் போங்கள், திங்கட்கிழமை விடுமுறை. காபி நன்றாகத் திக்காக இருக்கும், சர்க்கரை குறைத்துக் கேளுங்கள். தங்கை ஒவ்வொரு முறையும் இரண்டாவது ரவா இட்லி சொல்கிறாள், நானும் தடுப்பதில்லை.