பீட்டில் அடிச்சட்டத்துக்கு பீச் பக்கி கிட்: உடம்பு சரி, காகிதம்?

தென்னாப்பிரிக்காவின் யுட்டன்ஹேக் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை (இப்போது அந்த ஊருக்குக் கரீகா என்று பெயர்) 1951 முதல் 1979 வரை பீட்டில் கார்களைச் செய்து தள்ளியது. அந்தக் கார்களின் அடிச்சட்டங்கள் இன்னும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் வீடுகளின் பின்கட்டில் தார்ப்பாய் மூடிக் கிடக்கின்றன. அவற்றை நம்பித்தான் டர்பன் பக்கம் பீச் பக்கி கிட் (பீட்டில் அடிச்சட்டத்தின் மேல் பூட்டும் திறந்த ஃபைபர் உடம்பு) விற்பனை நடக்கிறது. எந்தப் பட்டறையில் வாங்கினாலும் சரக்கு பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: ஃபைபர் தொட்டி, முன்மூடி, டாஷ்போர்டு, கண்ணாடிச் சட்டம், விளக்குக் கிண்ணங்கள். மற்றதெல்லாம் பழைய பீட்டிலிலிருந்து வரவேண்டும். வண்டி எண்ணும் அதிலிருந்துதான் வரவேண்டும். கிட் விற்பவர்கள் அழுத்திச் சொல்லாதது இதைத்தான்.

முதலில் உடம்பு. வாங்குமுன் தொட்டியின் விளிம்பையும் போல்ட் துளை வரும் இடங்களையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ஒரே சீராக 'டொக்' என்றால் நல்லது. நடுவில் மந்தமாக ஒலித்தால் உள்ளே பிசின் இறங்காமல் காற்று நிற்கிறது. அங்கே போல்ட் முறுக்கினால் ஆறே மாதத்தில் சிலந்திவலை மாதிரி விரிசல் ஓடும். சின்ன வாஷர் போட்டாலும் அதே கதிதான். அகல வாஷரும், உடம்புக்கும் பேனுக்கும் (தரைத் தகடும் நடுச் சுரங்கமும் சேர்ந்த பீட்டில் அடிச்சட்டம்) நடுவே ரப்பர் பட்டையும் கட்டாயம். பழைய பட்டையை எடுத்து மறுபடி போடாதீர்கள்.

பேனை நீளம் குறைக்காமல் உட்காரும் உடம்பும் கிடைக்கிறது, வெட்டிக் குறைத்த பேனுக்கான உடம்பும் கிடைக்கிறது. பக்கியைப் பிரபலமாக்கிய கலிபோர்னியாக்காரர் புரூஸ் மேயர்ஸ் பீட்டில் பேனுக்காக விற்ற கிட்டுக்கு 14½ அங்குலம் வெட்டினார்கள். பீட்டிலின் சக்கர இடைவெளி 2,400 மி.மீ.; அதில் ஏறக்குறைய 368 மி.மீ. போய்விடுகிறது. குட்டை வண்டிதான் கண்ணுக்கு அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் தடவை செய்பவருக்கு முழு நீளப் பேனைத்தான் பரிந்துரைப்போம். தரைத் தகட்டை வெட்டி வெல்டு வைத்து ஒட்டுவது சுலபம். ஆனால் நடுவில் ஓடும் சுரங்கத்துக்குள் கியர் தண்டு, கிளட்ச் கேபிள் குழாய், ஆக்ஸிலரேட்டர் குழாய், பெட்ரோல் குழாய் எல்லாம் போகின்றன. அவற்றையும் அதே அளவு குறைக்க வேண்டும். கியர் தண்டை ஒட்டும்போது கொஞ்சம் திருகிப்போனால் ரிவர்ஸ் விழாது. கிளட்ச் குழாயை இணைத்த இடத்தில் உள்ளே பிசிறு நின்றால் அது ரம்பம் மாதிரி கேபிளை அறுக்கும். ஓட்டிவிட்டு ஒரு வாரத்தில் கேபிள் அறுந்தால் குற்றம் கேபிளில் இல்லை, அந்தப் பிசிறில். ஹேண்ட்பிரேக் கேபிளும் குட்டையானதாக வாங்க வேண்டும்; பழையதை மடக்கிக் கட்டியிருப்பதைச் சாலைத் தகுதிச் சோதனைக்காரர் ஒரு பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

வெட்டும் இடம்தான் பதிவுக்கு உயிர்நாடி. பீட்டிலின் அடிச்சட்ட எண் பின் இருக்கைக்குக் கீழே, சுரங்கத்தின் மேல் குத்தப்பட்டிருக்கும். வெட்டுக்கோடு அதற்கு முன்பக்கமாகப் போக வேண்டும். பின் டார்ஷன் குழாயும் (பின்சக்கர ஸ்பிரிங் உட்காரும் குறுக்குக் குழாய்) எண்ணும் ஒரே துண்டில், தொடாமல் நிற்க வேண்டும். எண் இருக்கும் தகட்டை மட்டும் வெட்டி வேறு பேனில் ஒட்டுவது குற்றம், அதில் பேச்சே இல்லை. துரு ஏறி எண் தெரியவில்லை என்றால் கிரைண்டரையோ கம்பி பிரஷ்ஷையோ தொடாதீர்கள். பெயின்ட் நீக்கியும் நைலான் பிரஷ்ஷும் போதும். அங்கே ஒரு கீறல் இருந்தாலும் காவல்துறை வாகனப் பிரிவுக்குச் சந்தேகம் வரும். அசல் எண் தேறாது என்று முடிவானால் அவர்கள் சாப்வின் எண் (காவல்துறை தரும் மாற்று அடிச்சட்ட எண்) குத்துவார்கள். வண்டி ஓடும், விற்கும்போது விலை விழும். வெட்டுமுன், வெட்டும்போது, ஒட்டியபின் என்று எண்ணும் சுற்றுப்புறமும் தெரியப் படம் எடுத்து வைப்பது நல்லது.

டோனர் வண்டியை (அடிச்சட்டம் தரப்போகும் பழைய பீட்டிலை) வாங்கும்போது துருவைப் பார்ப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். (துருவுக்கு, பின் இருக்கையின் கீழே பேட்டரி உட்காரும் வலப்பக்கத் தரையைக் குத்திப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும்.) இநாடிஸ் என்ற தேசிய வாகனப் பதிவுக் கணினியில் வண்டி உயிரோடு இருக்க வேண்டும். கோட் 2 என்றால் பயன்படுத்திய வண்டி, கவலையில்லை. கோட் 3 என்றால் மீண்டும் கட்டப்பட்டது. 3ஏ உதிரிப் பாகத்துக்கு மட்டும், கோட் 4 அழிக்கப்பட்டது. இந்த இரண்டின் எண்ணை வைத்துச் சாலைக்கு வரவே முடியாது. லைசென்ஸ் கட்டணம் பல வருடம் நிலுவையில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பக்கி கட்டப் போய்ப் பாக்கியைத் தலையில் கட்டிக்கொண்டவர்கள் நம் ஊரில் குறைவில்லை. வாங்கியதும் 21 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள், வெட்டுவதெல்லாம் பிறகு.

எஞ்சினை மாற்றினால் அதற்கும் ரசீது வேண்டும். எண் கிராங்க் பெட்டியில் ஜெனரேட்டர் தாங்கிக்குக் கீழே இருக்கும். தனியாரிடம் வாங்கினால் விற்றவரின் அடையாள எண்ணோடு பிரமாண வாக்குமூலம். காவல் நிலையத்திலேயே கையெழுத்துப் போட்டுத் தருவார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. பழைய சாமான் கடையில் வாங்கினால் 2009-ஆம் ஆண்டின் பழைய பொருட்கள் சட்டப்படி கடை பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். ரசீது இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அடுத்தது மைக்ரோடாட், அதாவது வண்டியை அடையாளம் காட்டும் எண் பொறித்த நுண்புள்ளிகளை வண்டி மேல் தெளிப்பது. 2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயின்ட் வேலை முடிந்தபின் அடியுங்கள், முன்னால் அடித்தால் பெயின்டில் மூடிப்போகும். பிறகு காவல்துறை ஒப்புதல், எடைமேடைச் சான்று, சாலைத் தகுதிச் சோதனை. பக்கிக்கு எடை பீட்டிலைவிடக் குறைவு, லைசென்ஸ் கட்டணமோ வெற்று எடையைப் பொறுத்தது. பழைய எடையையே விட்டுவைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். வெற்று எடையில் பெட்ரோல் சேராது, ஸ்டெப்னி சேரும். அதனால் டேங்க் ஏறக்குறைய காலியாகவும் ஸ்டெப்னி இடத்திலும் இருக்கும்படி மேடை ஏற்றுங்கள். இந்த இடங்களுக்கெல்லாம் டிரெய்லர் இல்லாமல் ஓட்டிப் போக 3 நாள் சிறப்பு அனுமதிச் சீட்டு வாங்கலாம்.

சோதனையில் பக்கிகள் விழுவது பெரும்பாலும் விளக்கில். இரும்பு உடம்பில் எர்த் தானாகக் கிடைத்துவிடும், ஃபைபரில் கிடைக்காது. கிட்டோடு வரும் வயர் கட்டில் எர்த் வயர் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாகக் கண் சிமிட்டுகிறதா? மின்சாரம் திரும்பும் வழி தேடி அடுத்த பல்பு வழியாகப் போகிறது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும், ஹாரனிலிருந்தும் கறுப்பு வயர் ஒன்றை அடிச்சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய ஓரிடத்தில் கொண்டுவந்து முடியுங்கள். ஹாரன் 90 மீட்டருக்குக் கேட்க வேண்டும்.

ஸ்பீடோமீட்டர் இன்னொரு வேடிக்கை. பீட்டிலில் அதன் கேபிள் முன்சக்கர மையத்தின் வழியாக வந்து தூசுமூடியின் சதுரத் துளையில் மாட்டும். புது வீல் போடும் ஆசையில் பளபளக்கும் துளையில்லாத மூடியை மாட்டினால் முள் அசையாது, வண்டி தேறாது. வீல் வாங்குமுன் போல்ட் வட்டத்தையும் பாருங்கள்: பழையதில் 5 துளை, 205 மி.மீ.; பின்னால் வந்ததில் 4 துளை, 130 மி.மீ. அகலமான பின் டயர் உடம்புக்கு வெளியே துருத்தினால் அதற்கும் மட்கார்டு கேட்பார்கள். சீட் பெல்ட்டை ஃபைபரில் போல்ட் அடிப்பது, முன்கண்ணாடிக்குப் பதில் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் தகடு வெட்டிச் சொருகுவது, இரண்டும் தோல்விக்கு உத்தரவாதம். பெல்ட் சுரங்கத்திலோ இரும்பு வளையத்திலோ பிடிக்க வேண்டும். கண்ணாடியில் பாதுகாப்புக் கண்ணாடி என்ற முத்திரை இருக்க வேண்டும்.

பதிவுக்கான சாலைத் தகுதிச் சான்று 60 நாள்தான் செல்லும். காவல்துறை ஒப்புதல் கைக்கு வராமல் சோதனைக்கு ஓடினால் சான்று காலாவதியாகி மறுபடி பணம் கட்ட நேரும்.

கிட்டுக்கு ஐந்துக்கு மூன்றரை தரலாம். குறைத்த ஒன்றரையும் வயர் கட்டுக்கும், பதிவைப் பற்றி ஒரு தாள்கூட உள்ளே வைக்காததற்கும். "பதிவையும் நாங்களே முடித்துத் தருகிறோம்" என்று சில பட்டறைகள் சேர்த்து விற்கும் ஏஜென்ட் சேவை வரிசையில் நிற்கும் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ரசீது இல்லாத எஞ்சினுக்கு ரசீதை ஏஜென்டாலும் வரவழைக்க முடியாது. அவருக்குத் தரும் பணத்தின் கடைசிப் பங்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சான்றிதழ் வந்ததும் உடல் வகை, நிறம், எஞ்சின் எண், வெற்று எடை நான்கையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதெல்லாம் லைசென்ஸ் டிஸ்க் ஒட்டிய பிறகு.