காய் தொங்குதேன்னு செடி வாங்கிடாதீங்க

88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குடுத்து எலுமிச்சை செடி வாங்கி ஏமாந்த கதை இது, சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. சிங்கப்பூர் ஈசூன்ல எங்க வீடு ஏழாவது மாடி, காரிடார்ல காலை வெயில் நல்லா அடிக்கும். ஆனா நடக்க 1.2 மீட்டர் வழி விடணுமே, அதனால ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம், வாங்குறதே வாங்குறோம் காய்க்கிற செடியா வாங்கிடலாம்னு அம்மா சொன்னாங்க. ஆன்லைன்ல ஒருத்தர் போட்டிருந்தாரு, இடுப்பு உயரம், 11 காய் தொங்குது, "பதியம் போட்டு ஒரு வருஷம் ஆச்சு, வேரெல்லாம் நல்லா புடிச்சிருச்சு"ன்னு. வேன்ல கொண்டாந்து வோய்ட் டெக்ல, அதான் பிளாக் கீழ்த்தள திறந்த இடத்துல, இறக்கிட்டு, உரம்னு 12 வெள்ளி பாக்கெட் ஒண்ணையும் தலையில கட்டிட்டு, பேநவ்ல (போன்லயே பணம் அனுப்புறது) காச வாங்கிட்டு போய்ட்டாரு.

பத்தாவது நாள் இலை சுருள ஆரம்பிச்சுது. கேட்டா தண்ணி ஜாஸ்தி ஊத்துறீங்க சிஸ்டர்ங்கிறாரு, குறைச்சா தண்ணி பத்தலங்கிறாரு. மூணாவது வாரம் தொட்டாலே இலை கொட்டுது. தண்ட லேசா இழுத்துப் பார்த்தேன், சத்தியமா, சோத்துல சொருகுன ஸ்பூன் மாதிரி கையோட வந்துருச்சு. அடியில பார்த்தா பதியம் கட்டுன பிளாஸ்டிக்க அவுக்கவே இல்ல, நைலான் கயிறு கூட அப்படியே இருக்கு, உள்ள ஈர நாருல விரல் நீளத்துக்கு மூணு நாலு வெள்ளை வேரு, அவ்ளோதான்.

கீழ கம்யூனிட்டி கார்டன்ல ஒரு சீன அங்கிள்கிட்ட காட்டுனேன், பார்த்ததும் சிரிச்சிட்டாரு. பெரிய மரத்துல காய்ச்ச கிளையா பார்த்து பட்டைய மோதிரம் மாதிரி சீவி நார் வச்சு கட்டுனா கொஞ்ச வாரத்துல வேர் விடும், அதான் பதியம், மார்காட்னும் சொல்றாங்க, அதுல தப்பே இல்ல. ஆனா வேர் விட்ட கிளைய மரத்துலேருந்து வெட்டுனதும் காயெல்லாம் பறிச்சு, இலையும் பாதி கழிச்சு, நிழல்ல வச்சு வேர் பெருக விடணுமாம். காய பறிச்சிட்டா யாரு 88 வெள்ளி குடுப்பா?

வாங்குறப்ப தண்ட லேசா ஆட்டிப் பாருங்க, மண்ணும் சேர்ந்து அசையணும், தண்டு மட்டும் ஆடுனா வேணாம். தொட்டி அடி ஓட்டையிலயும் வேர் தெரியுதான்னு எட்டிப் பாருங்க. விதைச்செடிய ஒட்டுச்செடின்னு விக்கிறவங்களும் இருக்காங்க, நிஜ ஒட்டுன்னா மண்ணுக்கு மேல தண்டுல ஒரு தழும்பு இருக்கும், விதைச்செடி காய்க்க வருஷக்கணக்கா ஆகும்.

ஸ்மால் கிளைம்ஸ்ல (சின்னத் தொகை வழக்குக்கான தீர்ப்பாயம்) கேஸ் போட 10 வெள்ளிதான், ஆனா யார் மேல போடுறது? முழுப் பேரு, அட்ரஸ் எதுவும் நான் வாங்கல, அவரு என்னை பிளாக் பண்ணிட்டாரு. அம்மா அந்த 11 காயையும் ஊறுகா போட்டுட்டாங்க, ஒரு காய் 8 வெள்ளி, அதனால விருந்தாளிக்கு கூட ஆளுக்கு ஒரு துண்டுதான்.

இப்ப நர்சரிக்கு நேர்ல போய், ஆட்டிப் பார்த்து, காயே இல்லாத குட்டிச் செடியா ஒண்ணு வாங்கியிருக்கேன். புதுசா நாலு துளிர் விட்டுச்சு, நேத்து அதுல ரெண்ட பட்டாம்பூச்சி புழு தின்னுடுச்சு.