மலையா, மாடியா, படகா? மோல்மீன்காரர்களுக்கு ஒரு சுனாமி யோசனை

2008 நர்கிஸ் புயலுக்கு அப்புறம் மியான்மரில் எங்கள் மோல்மீன் பக்கம் யாரைக் கேட்டாலும் "ரேடியோவில் சொல்லட்டும், கிளம்பலாம்" என்கிறார்கள். புயலுக்கு அது சரி, சில நாள் முன்பே தெரிந்துவிடும். சுனாமிக்கு அப்படி உட்கார்ந்திருக்காதீர்கள். கடலோரத்தில் நிற்க முடியாதபடி தரை ஆடினாலோ, ஆட்டம் ஒரு நிமிடத்தைத் தாண்டினாலோ அதுவே அறிவிப்பு. 2004 சுனாமியில் மியான்மர் முழுக்க அரசு கணக்கில் இறந்தவர்கள் 61 பேர், பக்கத்துத் தாய்லாந்தில் 5,000 பேருக்கு மேல். நிலம் பெரிதாக நகர்ந்தது தெற்கே சுமத்திரா பக்கம் என்பதால் நாம் தப்பினோம். அதை வைத்து "நமக்கெல்லாம் வராது" என்று பேசுவதைக் கேட்டால் பயமாக இருக்கிறது.

படகு எடுத்துக் கடலுக்குள் போய்விடலாம் என்பார்கள். ஆழ்கடலில் சுனாமி படகைக் கவிழ்க்காது, அது உண்மைதான். ஆனால் நம் மார்த்தபான் வளைகுடா சேறும் சகதியுமாக வெகு தூரம் ஆழமே இல்லாத கடல், அலை உயர்வதே அங்கேதான். கரையில் இருப்பவர் படகைத் தேடிப் போகவே கூடாது.

மாடி, ஐராவதி டெல்டாவுக்கு. லபுட்டா, போகலே பக்கம் மேடே கிடையாது. நர்கிஸுக்குப் பிறகு தூண் மேல் கட்டிய புயல் காப்பகம், கான்கிரீட் பள்ளிக்கூடம், இவற்றை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் முதலில் ஆட்டத்தில் அந்தக் கட்டடம் நிற்க வேண்டுமே! 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலேயில் எத்தனை மாடிகள் சரிந்தன என்று பார்த்தோம். விரிசல் விட்ட கட்டடத்தில் ஏறாதீர்கள், மரவீட்டு மாடியை நம்பவே வேண்டாம்.

மோல்மீன் டவுனில் இருப்பவர்களுக்கு நான் மலையைத்தான் சொல்வேன். ஊருக்கு நடுவிலேயே சைக்தன்லன் பகோடா நிற்கும் மலைத்தொடர் இருக்கிறது, இடிந்து விழும் கவலை இல்லை, எத்தனை பேர் வந்தாலும் இடம் உண்டு. நடந்தே போங்கள், எல்லோரும் மோட்டார் சைக்கிளை எடுத்தால் தெரு அடைத்துக்கொள்ளும். முதல் அலை வடிந்ததும் வீட்டைப் பார்க்க இறங்கி வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், பின்னால் வரும் அலை அதைவிடப் பெரிதாக இருக்கலாம், பல மணி நேரம் மேலேயே இருக்க வேண்டும்.

வயதானவர்களை எப்படி ஏற்றுவது என்பதுதான் மலையில் உள்ள ஒரே சிக்கல். முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். பகலில் 25 நிமிடம், கரண்ட் இல்லாத ராத்திரியில் 40. அன்றைக்கே ஒரு டார்ச் வாங்கி, அம்மாவின் மாத்திரைப் பையோடு வாசல் ஆணியில் மாட்டிவிட்டேன்.